கழுத்துள்ள கமரா

புகைப்படம் பிடிப்போர் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. கடற்கரையிலோ மலைமுகட்டிலோ நின்று கண்ணாரக் கண்ட காட்சியின் ஒரு துண்டே படத்தில் அகப்படுகிறது. எஞ்சியது வெளியே நின்றுவிடுகிறது. முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் படச்சுருளிட்ட கமராவில், வழக்கமான 50 மில்லிமீற்றர் வில்லை குறுக்காக ஏறத்தாழ 40 பாகையை மட்டுமே காண்கிறது. நமது தலையோ காட்சியை நாடிக் கழுத்தோடு திரும்பும் இயல்புடையது. கமராவுக்கும் ஒரு கழுத்தைக் கொடுத்தால் என்ன என்று எண்ணியவர்களின் கதையே அகலப்படத்தின் கதை.

‘பனோரமா’ என்ற சொல் புகைப்படத்துக்கு முந்தியது. றொபேட் பார்க்கர் என்ற ஓவியர், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக அமையும் பேரோவியத்துக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். முழுமை, காட்சி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். 1793இல் இலண்டனில் அவ்வோவியங்களுக்கென்றே வட்ட மண்டபமொன்றும் எழுந்தது.

புகைப்படம் வந்தபின் இரு வழிகள் பிறந்தன. ஒன்று, கமரா முழுவதும் சுழல்வது. 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ‘சேர்க்கட்’ கமரா, முக்காலியின்மேல் பற்சக்கரத்தால் தானே சுழலும். அது சுழலச் சுழல, உள்ளே படச்சுருளும் ஒரு நெடும்பிளவைக் கடந்து நகரும். பெருங்கூட்டங்களைப் படம்பிடிக்க இது வாய்ப்பாயிற்று. மாணவர்களை வில்வடிவில் நிறுத்துவர். படத்திலோ அவர்கள் நேர்வரிசையில் நிற்பதாகத் தோன்றும். ஒரு கோடியில் நின்ற குறும்பன், கமரா தன்னைக் கடந்ததும் கூட்டத்தின் பின்புறமாக ஓடி, மறுகோடியில் மீண்டும் வந்து நிற்பான். ஒரே படத்தில் ஒரே பையன் இருமுறை! ஆசிரியத் தொழில் புரியும் வாசகர்கள் இவனை நன்கு அறிவார்கள். புகைப்படம் ஒரு கணத்தை உறையவைக்கிறது என்று நாம் வழமையாகச் சொல்லிவரும் கூற்றை அவன் ஓட்டமே மறுத்துவிடுகிறது. அகலப்படம் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும். அதற்கிடையில் காலம் நடந்துகொண்டே இருக்கிறது.

மற்றைய வழியில் கமரா அசையாது; வில்லை மட்டும் திரும்பும். என்னிடமுள்ள ‘ஹொரைசன் 202’ இவ்வினத்தைச் சேர்ந்தது. மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிரஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் உருவானது. 28 மில்லிமீற்றர் வில்லை ஓர் உருளைக்குள் இருந்து திரும்ப, படச்சுருள் அதன் பின்னால் வில்லாக வளைந்து நிற்கிறது. 120 பாகைக் காட்சி, 58 மில்லிமீற்றர் நீளமான நெகட்டிவில் விழுகிறது. 36 படங்களுக்குரிய சுருளில் 22 அளவிற்றான் பெறலாம். ஆகவே கை தானாகச் சிக்கனம் பழகிவிடுகிறது.

இக்கமராவுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. காட்சிகாண் துளையினூடே ஒரு நீர்க்குமிழி தெரியும். அது நடுவில் நின்றாற்றான் தொடுவானம் நேர்கோடாக அமையும். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கடல் நடுவில் குழிந்து கிண்ணமாகும். கீழ்நோக்கிச் சாய்த்தால் குன்றாக எழும். காலிமுகத்திடலில் நின்று கடலைப் பிடிப்பவர்க்கு இப்பாடம் அரைமணி நேரத்தில் மனனமாகிவிடும். எதிரேயுள்ள நீண்ட மதிலோ, குமிழி எங்கு நின்றாலும், இடை பருத்து இரு முனையும் சிறுத்தே தோன்றும். வில்லை திரும்பும் திசையிலேயே நடப்பவன் படத்தில் நீண்டுவிடுவான். எதிர்த்திசையில் வருபவன் ஒடுங்கிவிடுவான். பிடித்திருக்கும் விரல்களும் இரு ஓரங்களிலும் புகுந்துவிடக்கூடும். அதற்காகவே அடியில் ஒரு கைப்பிடியைப் பொருத்தித் தந்தார்கள்.

இக்குணங்களையெல்லாம் கலையாக்கியவர்களுள் என் நெஞ்சுக்கு நெருங்கியவர் செக் நாட்டு ஜோசெப் சூடெக். 1896இல் பிறந்தவர், புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றவர். முதலாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் காயமுற்று வலது கரத்தை இழந்தார். பழைய தொழில் கைவிட்டுப் போயிற்று, புகைப்படம் கைகொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பழைய கொடக் அகலப்படக் கமரா ஒன்று அவரிடம் சேர்ந்தது. சுருள்வில்லின் விசையால் வில்லை திரும்பும்; நெகட்டிவ் 10 சென்ரிமீற்றர் உயரமும் 30 சென்ரிமீற்றர் நீளமும் உடையது. அதனைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக்கையுடன், பிராக் நகரத்தை அவர் சுற்றினார். ஒருகையால் இயலாததைப் பல்லால் செய்தார் என்று அவரிடம் உதவியாளராக இருந்த சோனியா புல்லாட்டி எழுதியிருக்கிறார். அப்பெண்மணியோ நாசிகளின் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பி வந்தவர்.

அவ்வலைவின் பயனாக 1959இல் வெளிவந்த நூல் ‘பிராஹா பனோரமதிக்கா’. 284 அகலப்படங்கள் கொண்டது. மாளிகைகளும் பாலங்களும் அதில் உண்டு. எனினும் சூடெக்கின் சிறப்பு நகரின் விளிம்புகளிலேதான் தெரிகிறது. வீடுகள் முடிந்து வெறுநிலம் தொடங்கும் இடம், இலையுதிர்ந்த மரவரிசை, மழைநீர் தேங்கிய வண்டித்தடம் ஆகியவற்றை உல்லாசப் பிரயாணி திரும்பியும் பாரான். அவர் அங்கே காத்துநின்றார். நெகட்டிவைப் பெருப்பிக்காமல், அதே அளவில் தாளோடு ஒட்டவைத்தே படம் அச்சிட்டார். புல்லின் நுனிகூட அதில் தப்புவதில்லை.

நமது பொருளிலக்கணம் பயின்றவர்க்கு இப்படங்கள் புதுமையாகத் தோன்றா. சாதாரணக் கமரா முகத்தைத் தேடுகிறது. உரிப்பொருளிலிருந்து தொடங்குகிறது எனலாம். அகலப்படத்திலோ நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் முன்னே வந்து நிற்க, மனிதன் எங்கோ ஒரு மூலையில் சிறு புள்ளியாகிறான். இதனை வெறும் அழகுக்காக அன்றி, வழக்கொன்றுக்குச் சாட்சியாகவும் ஆக்கலாம் என்பதை அதே நாட்டவரான ஜோசெப் கூடெல்கா காட்டினார். 1986 முதல் அகலப்படம் பிடிக்கத் தொடங்கிய அவரது ‘கருமுக்கோணம்’ 1994இல் வெளிவந்தது. வடமேற்குப் பொகீமியாவில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டித் தோண்டி நிலம் பிணமாகிக் கிடப்பதை அதில் காணலாம். அழிவின் ஒரு துண்டைக் காட்டினால், அதற்கு அப்பால் பச்சை இருக்கக்கூடும் என்று மனம் ஆறுதல் தேடும். அகலப்படம் அவ்வாறுதலுக்கு இடம் வைப்பதில்லை.

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுப் பெயர்ந்த உறவினரொருவரின் வளவு, நெடுங்காலத்தின் பின் விடுவிக்கப்பட்டபோது இவ்வுண்மை எனக்கு நேரிலேயே விளங்கிற்று. சாதாரணக் கமராவில் கிணற்றைப் பிடித்தேன். அது எந்த ஊரிலும் உள்ள கிணறாயிருந்தது. வாசற்படியைப் பிடித்தேன், அது ஒரு பழைய படியாயிருந்தது. அகலப்படத்தில்தான் கிணறு இடது ஓரத்திலும் படி வலது ஓரத்திலும் நிற்க, நடுவில் வீடு இருந்த இடம் பற்றையாய்ப் படர்ந்து கிடந்தது. வேலியுமில்லை, ஒழுங்கையுமில்லை. அதைப் பார்த்த அவ்வீட்டு அம்மா, படத்தின் வெறுமையான நடுப்பகுதியில் விரலை வைத்து, இது சாமியறை, இது குசினி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

இக்கலையில் இறங்க விரும்பும் இளைஞர்க்கு நடைமுறைக் குறிப்பொன்று. படச்சுருளைக் கழுவக் கொடுக்கும்போது ‘வெட்ட வேண்டாம்’ என்று கடிதத்துண்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். கடைக்காரரின் கை வழமையான அளவுக்கே பழகியது. ஒருமுறை எனது நல்ல படமொன்று நடுவில் இரண்டாக வந்து சேர்ந்தது. 58 மில்லிமீற்றர் நெகட்டிவ் சிறு பெருப்பிக்கும் கருவியின் சட்டத்தில் அடங்காது. ஆறுக்கு ஆறு சென்ரிமீற்றர் நெகட்டிவுக்குரிய பெரிய கருவி வேண்டும். அது கிட்டாதவர்கள் சூடெக்கைப் போல ஒட்டவைத்தே அச்சிடலாம். விரற்கடை உயரப் படந்தான் வரும். ஒரு பூதக்கண்ணாடியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.