புள்ளியும் இழையும் சொல்லும் கணக்கு

துணிக்கு வடிவம் வகுப்பவரை ஓவியர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அவருடைய அன்றாட வேலையில் பெரும்பகுதி கணக்கே. அக்கணக்குத் தவறினால் நட்டம் அடைவோர் தறியில் அமர்ந்திருப்போரும் முடிச்சுப் போடுவோருமே. ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். சௌராஷ்டிர மக்கள் இந்நகரில் வளர்த்த இக்கைத்திறனுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைச் சிறிது கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், கட்டிய இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். 5.5 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள சேலையில், 4 செ.மீ. இடைவெளியில் புள்ளி வைத்தால் சுமார் 4,125 முடிச்சுகள் ஆகும். இடைவெளியை 2 செ.மீ. ஆகக் குறைத்தால் முடிச்சு இருமடங்காகும் என்று தோன்றும். அது பிழை. நீளவாட்டில் இருமடங்கு, அகலவாட்டில் இருமடங்கு. ஆக நான்கு மடங்கு, 16,500 முடிச்சுகள். முடிச்சு ஒன்றுக்கு 10 வினாடி என்று கொண்டால், பதினொன்றரை மணி நேர வேலை ஏறக்குறைய நாற்பத்தாறு மணி நேரமாகிவிடும். கூலியை இருமடங்காக மட்டும் உயர்த்தினால், கட்டுபவர் பாதி வேலையைக் கூலியின்றிச் செய்தவர் ஆவார்.

உழவர்களுக்கு இது புதிதன்று. 6 அடிக்கு ஒரு வாழைக்கன்று நட்டவர் 3 அடிக்கு ஒன்றாக நட முற்பட்டால், நான்கு மடங்கு கன்றுகள் வாங்க வேண்டியிருக்குமன்றோ?

தறியிலும் இவ்வாறே. 48 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 72 பாவு இழை வீதம் மொத்தம் 3,456 இழைகள். இருபுறக் கரைக்கும் 432 போக, உடலுக்கு 3,024. பூ ஒன்றுக்கு 72 இழை என வகுத்தால் 42 பூக்கள் மிச்சமின்றி அமையும். 80 இழை என வகுத்தாலோ 37 பூக்கள் போக 64 இழைகள் மிஞ்சும். கரையோரத்தில் பூ அறுபட்டு நிற்கும்.

பூவின் உருவமும் கணக்கில் அடங்கியதே. ஊடை அங்குலத்துக்கு 60 மட்டுமே எனில், சதுரக் கட்டத் தாளில் 72 கட்ட அகலமும் 72 கட்ட உயரமுமாக எழுதிய வட்டப் பூ, துணியில் 1 அங்குல அகலமும் 1.2 அங்குல உயரமுமாக நீண்டுவிடும். உயரத்தை 60 கட்டமாக எழுதினால்தான் வட்டம் வட்டமாக விழும். தாளிலேயே திருத்தினால் அழிப்பான் போதும். ஜக்கார்டு அட்டை குத்திய பின்னர் திருத்தினால் அட்டையும் நாளும் வீண்.

ஆகவே, புதிய வடிவம் ஒன்று சங்கத்துக்கு வரும்போது அதன் அழகை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளலாகாது. புள்ளி எத்தனை, இழை எத்தனை, நேரம் எவ்வளவு என்னும் கணக்குத் தாளையும் கேட்டுப் பெறுவோம். அதன் பின்னரே கூலியை முடிவு செய்வோம்.