கடிகார நேரமும் கதிரவன் நேரமும்

நண்பகல் எப்பொழுது என்று மாணவரைக் கேட்டால், "பன்னிரண்டு மணிக்கு" என்றே விடை வரும். கதிரவன் வானில் தன் உச்ச நிலையை அடையும் கணத்தையே நண்பகல் என்று கொண்டால், பெங்களூரைப் பொறுத்தவரை அவ்விடை ஆண்டின் எந்த நாளிலும் சரியன்று. அல்சூர் ஏரிக்கரையின் வெட்டவெளியில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் நேர் வடக்காகவோ நேர் தெற்காகவோ விழும் கணத்தைக் குறித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நவம்பர் முதல் வாரத்தில் அது ஏறத்தாழ 12 மணி 3 நிமிடத்திற்கு நிகழும். பிப்ரவரி நடுவில் 12 மணி 34 நிமிடம் ஆகிவிடும். ஆண்டுச் சராசரி 12 மணி 20 நிமிடம். அதாவது, அல்சூரில் கதிரவன் கடிகாரத்திற்குச் சற்றேறக்குறைய ஒரு நாழிகை பிந்தியே நடக்கிறான்.

இவ்வேறுபாட்டில் இரண்டு கூறுகள் உள்ளன. மாதத்திற்கு மாதம் காணும் ஏற்றத்தாழ்வு, பூமியின் சுற்றுப்பாதை சரியான வட்டமாக இராமையாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் விளைவது. அது உலகெங்கும் ஒரே அளவினது. சராசரியில் காணும் 20 நிமிட வேறுபாடோ இயற்கையின் செயலன்று. அது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாடு எவ்வாறு பிறந்தது, அதனால் யார் யாருக்கு என்ன நன்மை, என்ன இடர் என்பதை இங்கே ஆராய்வோம்.

ஊருக்கு ஒரு நேரம்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊருக்கு முன்னதாகவும் மேற்கே உள்ள ஊருக்குப் பின்னதாகவும் பொழுது விடியும். மக்கள் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்த காலத்தில் ஊருக்கு ஒரு நேரம் வழங்கியதால் எத்தகைய தொல்லையும் நேரவில்லை. நம் பஞ்சாங்கங்களில் வரும் உதயாதி நாழிகை என்னும் கணக்கே அந்தந்த ஊரின் சூரியோதயத்திலிருந்து எண்ணப்படுவதாகும்.

இரயில் வண்டி வந்தபின் இந்நிலை மாறிற்று. சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையத்திற்கு 1864 ஆகஸ்டு முதல் நாள் இரயில் ஓடத் தொடங்கியது. அல்சூர் அந்நாளில் கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த ஊர். சென்னையிலிருந்து பட்டாளத்தோடும் வாணிபத்தோடும் வந்த தமிழர் பலர் குடியேறிய இடம். சென்னைக்கும் அல்சூருக்கும் தீர்க்கரேகையில் 2½ பாகைக்குச் சற்று மிகுதியான வேறுபாடு உண்டு. எனவே, சென்னைக் கடிகாரப்படி புறப்படும் வண்டிக்கு உள்ளூர்க் கதிரவனை நம்பிச் சென்ற பயணி பத்து நிமிடத்திற்கு மேல் பிந்திவிடுவார். வண்டிகள் பல ஊர்களைக் கடந்து, சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வரவேண்டியிருக்கும்போது, நிலையத்திற்கு ஒரு நேரம் என்பது பேராபத்தாகும்.

சென்னை வானாராய்ச்சிக் கூடம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, அவ்வூர் நேரம் கிரீனிச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று நிலைநாட்டினார். சென்னை, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் இருந்தமையால், பிற்காலத்தில் இந்திய இரயில்வேக்கள் சென்னை நேரத்தையே தமக்குப் பொது நேரமாக மேற்கொண்டன.

1884-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு கிரீனிச் தீர்க்கரேகையை உலகத்திற்குப் பொதுத் தொடக்கமாக ஏற்றது. அதனையொட்டி 1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை அதற்கு அடிப்படை. 82½-ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது 5½ மணி. ஆயினும் பெருநகரங்கள் உடனே இணங்கவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் உள்ளூர் நேரத்தை விடாது பற்றி நின்றன.

பொது நேரத்தின் பயன்

இன்று இந்தியத் திட்ட நேரத்தைப் பேணும் பொறுப்பு புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தினுடையது. அங்கே சீசிய அணுக் கடிகாரங்கள் அதனைக் காத்து வருகின்றன.

ஒரே நேரத்தின் பயனைக் களப்பணியாளருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நாடெங்கிலும் மழைமானிகள் காலை 8½ மணிக்கு அளக்கப்படுகின்றன. ஜனவரி மாதத்தில் கட்சு வட்டாரத்தில் அப்பொழுது கதிரவன் எழுந்து ஒரு மணியளவே ஆகியிருக்கும். ஜூன் மாதத்தில் அஸ்ஸாமில் நான்கு மணி நேரம் கடந்திருக்கும். இருப்பினும், எல்லா அளவுகளும் ஒரே கணத்தைச் சார்ந்தவையாதலால் அவற்றை ஒரே வரைபடத்தில் குறித்து வானிலையைக் கணிக்க முடிகிறது. இரயில்வே அட்டவணை, வங்கிக் கணக்கு, மின்சார வலையமைப்பு, வானொலி அறிவிப்பு, பொதுத் தேர்வு ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கிழக்கின் இடர்

ஆனால் ஏற்பாட்டின் பாரம் எல்லோர் தோளிலும் சமமாக விழவில்லை. நம் நாடு 68 பாகைக்குச் சற்று மிகுதியிலிருந்து 97 பாகைக்கும் அப்பால் வரை பரந்துள்ளது. இரு கோடிகளுக்கும் இடையே கதிரவன் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு உண்டு. கௌஹாத்தியில் ஜூன் மாதத்தில் காலை நாலரை மணியளவில் பொழுது புலர்கிறது; டிசம்பரில் மாலை நாலரை மணியளவில் கதிரவன் மறைகிறான். பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போது பகலின் நல்ல பகுதி கழிந்துவிடுகிறது. வேலை முடியுமுன் விளக்கேற்ற நேர்கிறது.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் இதற்குத் தாமே ஒரு வழி கண்டன. பிரிட்டிஷ் தோட்டக்காரர் காலந்தொட்டு அங்கே 'பாகான் நேரம்' வழங்கி வருகிறது. அது திட்ட நேரத்திற்கு ஒரு மணி முந்தியது. தொழிலாளர் விடியலில் கொழுந்து பறிக்கத் தொடங்கி, பகல் வெளிச்சம் உள்ளபோதே வீடு திரும்ப அது உதவுகிறது. அஸ்ஸாம் முதலமைச்சர் தருண் கோகோய் 2014-இல் இந்நேரத்தை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவர விருப்பம் தெரிவித்தார், அது நிறைவேறவில்லை.

மேற்கே உள்ளோருக்கும் இடர் இல்லாமலில்லை. பொழுது சாய்வது பிந்தினால் குழந்தைகள் உறங்கச் செல்வதும் பிந்துகிறது. பள்ளி மணியோ பிந்தி அடிப்பதில்லை. இந்தியக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த பொருளியலறிஞர் மௌலிக் ஜக்னானி, அஸ்தமனம் ஒரு மணி பிந்தும் இடத்தில் உறக்கம் அரை மணியளவு குறைவதாகவும், கல்வியும் அதனால் நலிவதாகவும் கண்டார். ஆசிரியர்கள் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.

இரண்டு யோசனைகள்

தீர்வாக இரண்டு யோசனைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது, பெங்களூரிலுள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த திலீப் அஹுஜா, டி. பி. சென் குப்தா முதலியோர் 2007-இல் வெளியிட்டது. நாடு முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளினால், மாலையில் விளக்குகள் எரியும் நேரம் சுருங்கி, மின்சாரத் தேவை உச்சத்தை அடையும் வேளையில் சேமிப்பு உண்டாகும் என்பது அவர்கள் வாதம்.

இரண்டாவது, தேசிய பௌதிக ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 2018-இல் கூறியது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் ஒரு மணி முந்திய தனி நேரம் தருவது என்பது அதன் சாரம். ஆண்டுக்கு 2 கோடி யூனிட் மின்சாரம் மிஞ்சும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். எல்லைக்கோடு குறுகிய நிலப்பகுதியில் அமைவதால், நியூ கூச்பிஹார், அலிபூர்துவார் ஆகிய இரண்டு இரயில் நிலையங்களில் மட்டுமே கடிகாரத்தை மாற்றினால் போதும் என்றும் எடுத்துக்காட்டினர். இதற்கு முன்பே, 2001-இல் மத்திய அரசு அமைத்த குழு மாற்றம் வேண்டாமென்று கூறியிருந்தது. 2018-ஆம் ஆண்டின் யோசனையையும் அரசு ஏற்கவில்லை.

முதல் யோசனை நிறைவேறினால் அல்சூரில் என்ன நிகழும் என்று கணக்கிடுவோம். இங்கே ஜனவரி இறுதியில் 6 மணி 46 நிமிட அளவில் சூரியோதயம். அரை மணி முன்தள்ளினால் அது 7 மணி 16 நிமிடமாகும். அதிகாலையில் பள்ளிக்குப் புறப்படும் சிறுவர் இருளில் தெருவைக் கடக்க நேரும். மாலையில் மின்சாரம் மிஞ்சும். காலையில் அதன் ஒரு பகுதி செலவாகும். அண்டை நாடாகிய இலங்கை இத்தகைய சோதனையில் இறங்கியது. மின்சாரப் பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே மாதத்தில் ஒரு மணி முன்தள்ளி, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கி, இறுதியில் 2006 ஏப்ரலில் பழைய நேரத்திற்கே திரும்பிற்று. விடுதலைப் புலிகள் அம்மாற்றங்களை ஏற்காமையால், இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே தீவில் இரண்டு நேரங்கள் வழங்கின.

கடிகாரம் ஒன்று, கால அட்டவணை பல

இவற்றால் விளங்குவது ஒன்றுண்டு. கடிகாரம் என்பது ஓர் உடன்படிக்கை. அது நாட்டிற்கு ஒன்றாக இருப்பதில் நன்மை மிகுதி. ஆனால் பள்ளியும் அலுவலகமும் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு நாடெங்கும் ஒரே விடை இருக்க வேண்டிய அவசியமில்லை. பாகான் நேரத்தின் உட்பொருளும் இதுவே: அங்கே மாறியது வேலை தொடங்கும் வேளை, இரயில் அட்டவணையன்று.

பெங்களூர் இதற்கு மற்றோர் உதாரணமும் தருகிறது. அமெரிக்க வாடிக்கையாளருக்காக உழைக்கும் இந்நகரக் கணினி நிறுவனங்களுக்கு, நியூயார்க்குடன் உள்ள வேறுபாடு குளிர்காலத்தில் 10½ மணி, கோடையில் 9½ மணி. நம் கடிகாரம் அசைவதில்லை; ஊழியரின் வேலை நேரமே ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நகர்கிறது. வாணிபத்திற்காக இதனைச் செய்ய முடியுமானால், வகுப்பறைக் குழந்தைகளுக்காகவும் வயலில் உழைப்போருக்காகவும் செய்வது அரிதன்று.

ஆசிரியர்கள் தம் பள்ளி முற்றத்தில் மேற்கூறிய கோல் சோதனையை மாதம் ஒருமுறை மாணவரைக் கொண்டு செய்விக்கலாம். கிடைக்கும் சராசரி நேரத்திலிருந்து 12 மணியைக் கழித்து, எஞ்சிய நிமிடங்களை நான்கால் வகுத்தால், தம் ஊர் 82½ பாகைக்கு எத்தனை பாகை மேற்கே உள்ளது என்பது கைக்கு வந்துவிடும். களப்பணியாளர்கள் தம் அளவீடுகளைத் திட்ட நேரத்திலேயே குறித்தல் வேண்டும். செயல்விளக்கக் கூட்டங்களுக்கு வேளை குறிக்கும்போதோ, அவ்வூரில் பொழுது எப்போது விடிகிறது, எப்போது சாய்கிறது என்பதை முதலில் விசாரித்தறிதல் நலம்.