சப்ரகமுவவில் நீராவி எஞ்சின்கள்: ஏற்றமும் எச்சமும்

மலையகக் கோப்பியை மாட்டு வண்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கு நாட்கணக்கும் பெருஞ்செலவும் பிடித்த காலத்தில், தோட்டத்துரைமாரின் தொடர்ந்த வற்புறுத்தலால் இலங்கையில் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. 1864 டிசம்பர் 27 அன்று முதல் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது; 1867இல் பாதை கண்டியை எட்டியது.

இப்பாதையின் கடினமான பகுதி கேகாலை மாவட்டத்து றம்புக்கனையில் தொடங்குகிறது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை, ஏறத்தாழ 45 அடி முன்னேறினால் ஓரடி உயரும் ஏற்றம் உள்ளது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால், பாரமான வண்டித்தொடரின் பின்னால் இன்னோர் எஞ்சினைச் சேர்த்துத் தள்ளவேண்டியிருந்தது. இச்சிரமத்தைக் குறைப்பதற்காக 1927இல் 'கரட்' வகை எஞ்சின் தருவிக்கப்பட்டது. நீரை ஆவியாக்கும் ஒரே கொதிகலனை நடுவில் தாங்கி, அதன் இரு முனைகளிலும் தனித்தனியே திரும்பக்கூடிய சக்கரத் தொகுதிகளைக் கொண்டிருந்ததால், அது வளைவுகளில் வளைந்தபடியே இரண்டு எஞ்சின்களின் வலுவைத் தந்தது.

தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது களனிப் பள்ளத்தாக்கு வழியே வேறொரு பாதை உருவானது. பிரதான பாதையின் தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி அகலம் இருக்க, இதில் இரண்டரை அடியே இருந்தது. குறுகிய பாதைக்குச் செலவு குறைவு, நெருக்கமான வளைவுகளும் அதற்குத் தடையல்ல. 1902இல் அவிசாவளையையும் 1903இல் எட்டியாந்தோட்டையையும் அடைந்த அது, மற்றொரு கிளையாக 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது. சிறிய நீராவி எஞ்சின்களோடு, கொதிகலனும் பயணிகள் பெட்டியும் ஒன்றாயிணைந்த 'சென்டினல்' வண்டிகளும் இதில் ஓடின.

1950களில் டீசல் எஞ்சின்கள் வந்ததும் நீராவியின் காலம் முடியத் தொடங்கியது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இலேயே மூடப்பட்டிருந்தது. அவிசாவளைக்கு அப்பாலிருந்த இரத்தினபுரிப் பகுதி 1970களில் கைவிடப்பட்டது. எஞ்சிய பாதை 1990களில் அகலப்படுத்தப்பட்டது.

பிரதான பாதையின் எஞ்சின்கள் சில இன்னும் காக்கப்படுகின்றன. 1986இல் தொடங்கிய 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' சுற்றுலாப் புகையிரதம் அவற்றை மீண்டும் ஓடச்செய்தது. 2014இல் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 331ஆம் இலக்க 'சென்டினல்' வண்டியும் தப்பியுள்ளது. ஆயினும் அது ஓடிய குறுகிய பாதை இன்று இல்லை. ஆகவே, எஞ்சின்களுடன் பழைய பாலங்கள், நிலையங்கள், பாதைத்தடங்கள் ஆகியவையும் பதிவுசெய்யப்பட்டால்தான் தோட்டங்களின் போக்குவரத்து வரலாறு முழுமை பெறும்.