வயதானவர்களின் தோற்கடி

அம்மம்மாவோ அப்பப்பாவோ இரவில் சொறிந்துகொண்டு கிடந்தால் ‘வயது போனால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். நித்திரை கெட்டால் சாப்பாடும் குறையும். சொறிந்த புண்ணில் கிருமி தொற்றும். பெரும்பாலும் காரணம் தோல் வரட்சிதான். சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்த ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் பூசிவிடுங்கள்.

ஆனால் விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் சிறு பருக்கள் தோன்றி, வீட்டில் வேறொருவரும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். முகாமில் நெருக்கமாகப் படுத்தவர்களுக்கு இது இலகுவில் தொற்றும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. வைத்தியசாலையில் தரும் மருந்தைக் கடி இல்லாதவர்களும் உட்பட முழுக் குடும்பமும் ஒரே நாளில் பூசவேண்டும். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். உடுப்பையும் விரிப்பையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். மருந்தின் பின்னும் 2 முதல் 4 வாரம் கடி இருக்கலாம், பயப்படவேண்டாம்.

பருவே இல்லாமல் உடம்பெல்லாம் கடித்தால், சிறுநீரகம், ஈரல், சலரோகப் பரிசோதனை செய்யுமாறு வைத்தியரிடம் கேளுங்கள்.