கல்லும் நுரையும் போதும்

கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசையோடு மீன் கடைக்குள் நுழைகிறவருக்கு முதலில் கிடைப்பது கருவிகளின் நீண்ட பட்டியல். கேனிஸ்டர் ஃபில்டர், பயோ பால், பீங்கான் வளையம், யூ.வி. விளக்கு, புரோட்டீன் ஸ்கிம்மர், சம்ப் என்று அது போய்க்கொண்டே இருக்கும். நன்னீர்த் தொட்டியில் பழகியவர், பழக்கம் காரணமாக, மூடிய பெட்டிக்குள் நீரை ஓட்டி வடிகட்டும் பெரிய கேனிஸ்டர் ஒன்றை வாங்குவார். சில மாதங்களில் கண்ணாடியிலும் கல்லிலும் பாசி ஏறும். பவளங்கள் விரிய மறுக்கும். கடைசியில் தொட்டியே விலைக்கு வரும். இதற்கிடையில் செத்துப்போன உயிர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த இழப்பில் பெரும்பகுதி தேவையில்லாதது. நீரைச் சுத்தம் செய்வது யார் என்று புரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மீன் தன் கழிவை முக்கியமாகச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7-ஐ ஒட்டி இருந்தால், அந்த அம்மோனியாவில் மிகப் பெரும்பங்கு அம்மோனியம் அயனியாகவே இருக்கும். அதன் நச்சுத்தன்மை குறைவு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் நிற்கிறது. அந்த நிலையில் நச்சு வடிவத்தின் பங்கு பத்து மடங்கு கூடிவிடுகிறது. அதோடு, ஒரே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே கரைத்து வைத்துக்கொள்ளும். நன்னீர்த் தொட்டி பொறுத்துக்கொள்ளும் பிழையைக் கடல்நீர்த் தொட்டி பொறுத்துக்கொள்ளாததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று மீன் வளர்ப்பு நூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. 1990-களில் டிமோத்தி ஹோவனெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொட்டிகளில் வாழும் பாக்டீரியாக்களை மரபணு வழியாகத் தேடிப் பார்த்தபோது, அங்கே நைட்ரோஸ்பைரா என்ற வேறோர் இனம் குடியிருந்தது. எந்த இனமானாலும் அவற்றுக்குத் தேவை இரண்டே: ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு, ஓடும் நீரில் ஆக்சிஜன். ஃபில்டருக்குள் நாம் போடும் பந்தும் வளையமும் அந்தப் பரப்பைக் கொடுப்பதற்காகத்தான்.

அப்படியானால் கேனிஸ்டரில் என்ன குறை? அது தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. ஆக்சிஜன் நிறைந்த நீர் வேகமாகப் பாயும் பெட்டியில் அம்மோனியா நைட்ரேட் வரைக்கும் போகும்; அதற்கு மேல் போகாது. நன்னீர் மீன்களில் பல லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட்டையும் தாங்கும். பவளத்தின் கதை வேறு. பவளத்திட்டுகள் வளர்வது ஊட்டம் மிகக் குறைந்த, கண்ணாடிபோல் தெளிந்த நீரில். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு தயாரிக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடினால் அந்த உறவின் சமநிலை குலைகிறது. வெளியே இழைப்பாசி வளர்ந்து பவளத்தை மூடுகிறது. தொடங்குகிறவர் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது. முற்றிலும் பூஜ்யம் ஆக்குவதும் கெடுதல்: பவளம் பட்டினி கிடந்து வெளிறும், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புப் படலம் பரவும்.

நைட்ரேட்டுக்கு அடுத்த படி ஒன்று உண்டு. நுண்துளைகள் நிறைந்த கல்லின் வெளிப்பரப்பில் ஆக்சிஜன் இருக்கிறது. உள்ளே போகப் போக அது தீர்ந்துவிடுகிறது. அந்த இருளில் வாழும் வேறு பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி, அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றி விடுவிக்கின்றன. வாயு நீரைவிட்டு வெளியேறிவிடும். நைட்ரேட் உருவாகும் இடத்துக்கும் வாயுவாக மாறும் இடத்துக்கும் இடையே தூரம் மிகக் குறைவு என்பதுதான் கல்லின் பெருமை. கேனிஸ்டருக்குள் உருவாகும் நைட்ரேட்டோ நேராகத் தொட்டி நீரில் கலக்கிறது.

இதை வேதியியல் விளக்கமாக அல்லாமல் கண்ணால் கண்டு சொன்னவர் லீ சின் எங். ஜகார்த்தாவில் வாழ்ந்த அவர், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ‘உயிருள்ள’ கற்களைக் கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழியை மட்டும் விட்டு, மீனையும் பவளத்தையும் வளர்த்தார். 1961-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் அதை எழுதினார். அன்று பவளத்தின் எலும்புக்கூட்டை வெளுத்துக் காயவைத்து அலங்காரமாக வைப்பதுதான் உலகெங்கும் வழக்கம். கடல் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அவருடைய முறை எளிதில் கைகூடவில்லை. பின்னர் பெர்லின் நகர ஆர்வலர்கள் அதே கல்லோடு ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். அவர்களில் டீட்ரிஷ் ஸ்டூபர் வளர்த்த அக்ரோபோரா பவளத்தின் கிளைகள் ஒடித்து ஒடித்துப் பல தொட்டிகளுக்குப் பரவின. அமெரிக்காவில் 1980-களில் பயோ பால் நிரப்பிய சொட்டுநீர் ஃபில்டர்கள் கொடிகட்டிப் பறந்தன. பிறகு அங்கும் பலர் அந்தப் பந்துகளை எடுத்துவிட்டு பெர்லின் முறைக்கு மாறினார்கள். இன்று வீடுகளில் இருக்கும் பவளத் தொட்டிகளில் பெரும்பாலானவை அந்த முறையின் வாரிசுகள்.

ஸ்கிம்மர் செய்யும் வேலை அழகானது. புரதம், கொழுப்பு போன்ற கரிமப் பொருள்களின் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் ஒரு முனையும் நீரை வெறுக்கும் ஒரு முனையும் இருக்கும். காற்றுக்குமிழி கிடைத்தால், வெறுக்கும் முனையைக் காற்றின் பக்கம் நீட்டிக்கொண்டு அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான நுண்குமிழிகள் குழாயில் மேலேறும்போது இந்த அழுக்கையும் தூக்கிக்கொண்டு வந்து, மேலே உள்ள கோப்பையில் பழுப்பு நிற நுரையாக வழிகின்றன. கரையில் அலை உடையுமிடத்தில் நுரை திரள்வதும் இதே இயற்பியல்தான். உப்பு கரைந்த நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாவது தடுக்கப்படுவதால், அவை சிறிதாகவே நிற்கின்றன. மொத்தப் பரப்பு பெருகுகிறது. நன்னீர்த் தொட்டியில் ஸ்கிம்மர் எடுபடாமல் போவது இதனால்தான். அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே கழிவை நீரைவிட்டு வெளியேற்றுவது இதன் தனிச்சிறப்பு. கூடவே நீருக்கு ஆக்சிஜனும் ஏறுகிறது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 விழுக்காட்டை மட்டுமே அவை எடுத்தன. மீதம் நுரையில் ஒட்டாத வகை. கருவிக்குக் கருவி பெரிய வேறுபாடும் தென்படவில்லை. ஆகவே விலையின் உச்சியைத் தேடிப் போக வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பாமல், அதில் பாதி அளவுள்ள தொட்டிக்கு அதை வாங்கினால் போதும்.

கரைந்துவிட்ட நைட்ரேட்டை ஸ்கிம்மர் தொடாது. அதற்குக் கல்லும் நீர் மாற்றமும்தான் வழி. நீர் மாற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வாரத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது, வாரம் 10 விழுக்காடு நீரை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரேட் ஏறி ஏறி 20-இல் போய் நிற்கும். அங்கேதான் வரவும் செலவும் சமமாகும். 10-இல் நிறுத்த வேண்டுமானால், இரண்டு மடங்கு நீரை மாற்றலாம், அல்லது உணவையும் மீனையும் குறைத்து வரவைப் பாதியாக்கலாம். இரண்டாவது வழி எளிது, செலவும் இல்லை. 200 லிட்டர் தொட்டிக்கு நான்கு சிறிய மீன்கள் போதும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சுபொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்த மீனைவிட அப்படி வளர்ந்த ஜோடியே தொடங்குகிறவருக்கு ஏற்றது.

சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி. தனியாக எதையும் வடிகட்டாவிட்டாலும் அதை வலியுறுத்திச் சொல்கிறேன். மொத்த நீரின் அளவு கூடுகிறது. ஸ்கிம்மரும் ஹீட்டரும் அதற்குள் அடங்கிவிடும். ஓர் அறையில் கீட்டோமார்ஃபா என்னும் இழைப்பாசியை விளக்கு போட்டு வளர்த்து, பிடி பிடியாக அறுத்து எறிந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போய்விடும். கருவிகள் இல்லாத பெரிய தொட்டியைப் பார்ப்பதும் கண்ணுக்கு நிறைவு.

நம் ஊரில் மின்வெட்டை மறந்து எந்த ஃபில்டரையும் தேர்ந்தெடுக்க முடியாது. மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியிலிருந்து கொஞ்சம் நீர் சம்ப்புக்கு இறங்கும். அதைத் தாங்கும் காலியிடம் சம்ப்பில் இருக்க வேண்டும். நீரை மேலே ஏற்றும் குழாயில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போட்டால், காற்று புகுந்து பின்னோக்கி உறிஞ்சுவது நின்றுவிடும். மீனை விடுவதற்கு முன்பே சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள். மூடிய கேனிஸ்டருக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் மின்சாரம் இல்லாத சில மணி நேரத்தில் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். கேனிஸ்டரை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இன்வெர்ட்டரில் எதையாவது ஒன்றை இணைப்பதென்றால், நீரின் மேற்பரப்பைக் கலக்கும் வேவ்மேக்கரை இணையுங்கள்.

நீரும் முக்கியம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் குழாய்நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் அமைப்பு இருக்கிறது. அதை அடைத்துவிட்டு, பின்னால் அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசின் குப்பி ஒன்றைச் சேர்த்து, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரில் செயற்கைக் கடல் உப்பைக் கரைக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பு நீர் ஊற்றக் கூடாது. உப்பு ஆவியாவதில்லை, நன்னீர்தான் ஊற்ற வேண்டும்.

தொட்டி 100 லிட்டருக்குக் குறைவென்றால் ஸ்கிம்மர்கூடத் தேவையில்லை. கல், பின்புறம் தொங்கும் சிறு ஃபில்டரில் வாரம் இருமுறை மாற்றும் பஞ்சு, கொஞ்சம் கிளர்வுற்ற கரி, வாரம் 15 முதல் 20 விழுக்காடு நீர் மாற்றம் போதும். யூ.வி. விளக்கும் பாஸ்பேட் ரியாக்டரும் முதல் ஆண்டில் வேண்டாம்.

இனி கல்லுக்கு வருவோம். லீ சின் எங் செய்ததை இந்தியாவில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அந்தக் கற்கள் பவளத்திட்டின் பகுதிகள்; 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. எனவே நமக்கு உரியது துளைகள் நிறைந்த பீங்கான் கல் அல்லது சிமென்ட்டில் வார்த்த கல். அதில் பாக்டீரியா குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் வேண்டாம். சொட்டுச் சொட்டாக அம்மோனியா விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். கல்லின் உள்ளே நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக் கூட்டம் உருவாக இன்னும் பல மாதங்கள் பிடிக்கும். பவளத்துக்கு அவசரப்படாதீர்கள்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த பல ஆண்டுகளில் கடலுக்குள் மூழ்கிய தீவுகளும் அவற்றில் உண்டு. மிஞ்சியவற்றை 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பம் வெளிறச் செய்தது. கடைக்காரர் ஒரு கல்லைக் காட்டி, ‘இது கடல்லேர்ந்து வந்த ஒரிஜினல் சார்’ என்று சொன்னால், அதை வாங்காதீர்கள். இறக்குமதி என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாங்குபவர் மறுத்தால் எடுப்பவரும் நிறுத்துவார்.