மழை பொய்த்த ஆண்டின் காய்ச்சல்

மலேரியா என்றதும் நமக்கு மழையும் சேறும்தான் நினைவுக்கு வரும். மழை கூடினால் தண்ணீர் தேங்கும், நுளம்பு பெருகும், காய்ச்சல் வரும். கணக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இலங்கை கண்ட மிகப் பெரிய மலேரியாக் கொள்ளைநோய் மழை பொய்த்த ஆண்டில் வந்தது. அதுவும் மழைக்குப் பேர்போன தென்மேற்குப் பக்கத்தில். ஏன் என்று மெல்லப் பார்ப்போம்.

முதலில் நுளம்பு. மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் இனம். சாக்கடையில் மொய்க்கிறதே, அது வேறு சாதி. இந்த விஷயத்தில் அதன்மேல் பழி போடக் கூடாது. இலங்கையில் நோயை முக்கியமாகச் சுமந்தது அனோபிலிஸ் குலிசிஃபேசீஸ். தெளிந்த, வெயில் படுகிற, அசையாத தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையிலிருந்து வரும் குடம்பிகள் அங்கே அலைக்கழியாமல் வளர வேண்டுமல்லவா?

இனி ஈர வலயம் எனப்படும் அந்தத் தென்மேற்குப் பக்கத்து ஆறுகளுக்கு வருவோம். மகா ஓயாவும் களனி கங்கையும் வழக்கமான ஆண்டில் நிறைந்து ஓடும். அந்த ஓட்டம் குடம்பிகளை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆக, அங்கே மழைதான் மக்களுக்குக் காவல். 1934இல் தென்மேற்குப் பருவமழை கைவிட்டது. ஆறுகள் சுருங்கி, மணலுக்கும் பாறைக்கும் நடுவே குட்டை குட்டையாக நின்றன. தெளிந்த தண்ணீர், மேலே வெயில், அடித்துப்போக ஓட்டமில்லை. நுளம்புக்கு இதைவிட வசதியை யார் செய்து கொடுக்க முடியும்? அக்டோபர் வாக்கில் தொடங்கிக் கேகாலை, குருநாகல் பக்கங்களை உலுக்கிய காய்ச்சல், 1935 ஏப்ரலுக்குள் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது.

இத்தனை சாவுக்கும் நுளம்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மழை குறைந்த உலர் வலயத்தில் மலேரியா ஆண்டுதோறும் வருவது. அங்கே பிழைத்து வளர்ந்தவர் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஈர வலயத்தாருக்கு அது இல்லை. வறட்சியில் வயிறும் காய்ந்திருந்தது. மழையளவை மட்டும் வைத்து நோய்க்கு வரைபடம் போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் மலையூரான நுவரெலியா ஏன் தப்பியது? அந்த மலைக்குக் காவல் குளிர். நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைக் கடத்திவிடாது. ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் முதலில் முதிர வேண்டும். தோசை மா புளிப்பது போலத்தான். 25 பாகை வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிகிற வேலை, 20 பாகையில் நான்கு வாரம்கூட இழுக்கும். 16க்குக் கீழே நின்றே போகும். நுளம்பின் ஆயுளோ சில வாரம். ஒட்டுண்ணி தேறுவதற்குள் நுளம்பு செத்துவிடும்.

2016 செப்டம்பரில் இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குட்டையும் வெயிலும் நுளம்பும் இன்னும் உண்டு. உள்ளூரில் பரவுகிற ஒட்டுண்ணிதான் இல்லை. ஆனால் சில மாதங்களிலேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி என்ற புது விருந்தாளி தென்பட்டது. சென்னை போன்ற ஊர்களில் மாடித் தண்ணீர்த் தொட்டிகளில் வளர்ந்து பழகிய இனம் அது. ஆறு நிறைந்தாலும் வற்றினாலும் அதற்கு ஒன்றுதான். மன்னாரில் அது அகப்பட்டது கிணறுகளில்.