நெடுமயிர் நாய்க்குட்டி

குறுமயிருடைய அல்சேஷன் நாய்கள் இரண்டுக்குப் பிறந்த குட்டிகளுள் ஒன்று மட்டும் காதிலும் காலிலும் வாலிலும் நீண்ட மயிருடன் வளர்வதுண்டு. கலப்பினம் எனக் கருதி அதனை ஒதுக்கிவிடுவோர் உளர். அது தகாது.

மயிர் வளர்ச்சியை உரிய காலத்தில் நிறுத்தும் மரபணுவொன்று நாயின் உடலில் உண்டு. அதன் பிறழ்ந்த வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மயிர் நீளும். பெற்றோர் இருவரும் அதனை மறைவாகத் தாங்கியிருப்பின், சராசரியாக நான்கு குட்டிகளுள் ஒன்று நெடுமயிர் பெறும். பட்டாணிச் செடியை ஆராய்ந்து மெண்டல் 1866இல் வெளியிட்ட விதியே இது. நாய்களில் இம்மரபணுவின் பங்கு 2006இல் விளக்கப்பட்டது.

ஆயினும், மட்டக்களப்பு வாவிக்கரையின் புழுக்கத்தில் இக்குட்டிக்குக் கவனிப்பு மிகுதியாக வேண்டும். நாள்தோறும் மயிரைச் சீவிச் சிக்கெடுத்தல் நன்று. வாவியில் நீந்தி வந்தால் நன்னீரால் கழுவி, தோல்வரை ஈரம் போகத் துவட்டுக. மாரிகாலத்தில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி மறைந்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். வெப்பத்துக்கு அஞ்சி முழுவதும் மழித்தலாகாது. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அம்மயிரே. நண்பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் கொடுத்தால் போதும்.

நீண்ட மயிர் குலத்தின் குறையன்று. அக்குட்டியும் வீட்டைக் காக்கும், அன்புக்கும் உரியது.